வாசலில் வைத்த பெட்டிகள்

தீவுக்குப் போகும் படகில் ஏறியதிலிருந்து அண்ணி கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அலையைக் குற்றம் சொல்ல முடியாது. கடல் அன்றைக்குப் பரம சாதுவாகப் படுத்திருந்தது. மகன் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தான். அதை எண்ணித்தான் அந்தப் பிடி.

"ரெண்டு பேரும் நாலு நாள் ராணி மாதிரி இருந்துட்டு வாங்கம்மா. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். அப்படியே கடலைப் பாத்துக்கிட்டு, நல்ல நேரமாப் பாத்து, அத்தைகிட்ட அந்த விஷயத்தைப் பதமா சொல்லிடு" என்று போனில் சொல்லியிருந்தான். கெட்ட செய்தி சொல்வதற்கு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்கிற பிள்ளை. இப்படி யாருக்குக் கிடைக்கும்?

அந்த விஷயம் இதுதான். மகன் வேலை பார்க்கும் தேசத்துக்கு அண்ணி அடுத்த மாதம் குடிபோகிறாள். அம்மாவை அழைத்து வைத்துக்கொள்ள அந்தத் தேசத்துச் சட்டம் இடம் கொடுக்கிறது, அத்தைக்குக் கொடுக்கவில்லை. அவனும் முட்டி மோதிப் பார்த்துவிட்டான். கடைசியில் அத்தைக்கு ஊரிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்தான். தோட்டம் உண்டு, டாக்டர் உண்டு, தனி அறை உண்டு. அத்தைக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியாது. தானும் கூடப் போகிறோம் என்ற நினைப்பில் இரண்டு பேருக்கும் கம்பளிச் சால்வை வாங்கி மடித்து வைத்திருந்தாள்.

அந்த அத்தைதான் குட்டி. அண்ணியின் கணவருக்கு ஒரே தங்கை, அந்த வீட்டில் கடைக்குட்டி. தலை முழுக்க நரைத்து, மாடிப்படி ஏறினால் முட்டி முனகும் வயது வந்தும் குட்டி குட்டிதான். அண்ணிக்கு அந்தப் பெயர் ஊரே கூப்பிடும் பெயரானதும் அவளால்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அவர்கள் நடத்திய லாட்ஜில் மாடிக்கும் கீழுக்குமாக அவள் "அண்ணி, அண்ணி" என்று கத்திக் கத்தி, தங்க வந்தவர்கள், துணி வெளுக்கிறவர், தண்ணீர் லாரிக்காரர் எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். தாலி கட்டிய மனுஷனே ஒருநாள் வாய் தவறி அண்ணி என்று கூப்பிட்டுவிட்டு அசடு வழிந்தார்.

மகன் பிறந்தபோது சில நாள் ஒத்தாசைக்கு என்று ஒரு தகரப் பெட்டியோடு வந்தவள் குட்டி. வந்தவள் வந்தவள்தான். மாப்பிள்ளைப் பேச்சு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு குறை சொல்லித் தட்டிக் கழித்தாள். ஒரு பையன் சத்தமாகச் சாப்பிடுகிறானாம். இன்னொருவன் சத்தமே இல்லாமல் சாப்பிடுகிறானாம், அது அதைவிட பயமாம். "நம்ம லாட்ஜுக்கு வந்ததுல காலி பண்ணாத ஒரே ஆள் இவதான்" என்று அவளுடைய அண்ணன் வந்தவர் போனவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். பிறகு அவர் போய்ச் சேர்ந்தார். மகன் வெளிதேசம் போனான். லாட்ஜை விற்று, இருவரும் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு வந்து, ஒரே அறையில் கட்டிலைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டு காலம் ஓடியது.

படகுத் துறையில் பூப்போட்ட சட்டை அணிந்த ஒருவர் குளிர்ந்த துண்டும் ஏதோ பழச்சாறும் நீட்டினார். குட்டி துண்டை வாங்கி முகர்ந்து பார்த்தாள். விரல்களால் தேய்த்துப் பார்த்தாள். "நல்லா அலசியிருக்காங்க அண்ணி. சோப்பு தங்கல" என்று சான்றிதழ் கொடுத்தாள். துண்டு கொடுத்தவருக்கு என்ன புரிந்ததோ, குனிந்து வணக்கம் சொன்னார்.

மணலை ஒட்டிய தனி வீடு. நடுவில் கூடம், இரண்டு பக்கமும் இரண்டு படுக்கையறைகள், கண்ணாடிக் கதவைத் தள்ளினால் எதிரே கடல். கட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பமே படுக்கலாம். குளியலறைக்குக் கூரை கிடையாது; தொட்டிக்கு மேலே நேராக வானம். குட்டி அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"இவ்வளவு பெரிசா கட்டிட்டு மேல மூட மறந்துட்டாங்க அண்ணி."

"அது ஸ்டைலுடி."

"காக்கா குருவிக்கெல்லாம் வேடிக்கை காட்டுறது ஸ்டைலா? நான் புடவையோட குளிச்சுக்கறேன்."

அன்று சாயங்காலம் அண்ணி இரண்டு தடவை முயற்சி செய்தாள். கடற்கரையில் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, "குட்டி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்ததும் எங்கிருந்தோ ஒருவர் வந்து இளநீர் வேண்டுமா என்று கேட்டார். சாப்பாட்டு மேசையில் மறுபடி வாயைத் திறந்தபோது குட்டி முந்திக்கொண்டாள். "அங்க ரொம்பக் குளிராமே அண்ணி. உங்களுக்குக் காது வலி வரும். சால்வை போதாது, தலைக்கு ஏதாவது வாங்கணும்" என்றாள். அண்ணி சொல்ல வந்ததைச் சாப்பாட்டோடு சேர்த்து மென்று விழுங்கினாள். மகன் மேல் ஆத்திரமாக வந்தது. அவனே ஒரு போன் போட்டு அத்தையிடம் சொல்லியிருக்கலாம். தூக்கி வளர்த்த கையிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, பழியை அம்மா தலையில் கட்டிவிட்டான்.

இரவு இருவரும் ஆளுக்கொரு அறையில் படுத்தார்கள். அவ்வளவு அகலமான கட்டிலில் அண்ணி சுவரோரமாக ஒண்டிக்கொண்டு, குட்டியின் குறட்டை கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். கேட்கவில்லை. அந்தக் குறட்டையைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் புகார் சொன்னவள் அவள்தான்.

விடிந்ததும் குட்டி வந்து வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது. "நல்லா தூங்கினேன் அண்ணி" என்றாள். "நானும்தான்" என்றாள் அண்ணி. இரண்டு பேரும் பொய் சொல்வதில் ஒரே பள்ளிக்கூடம்.

இனி நடந்ததுதான் கூத்து. இந்த உலகத்தில் வேறு எந்த விருந்தாளியும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

காலைச் சாப்பாட்டுக்குக் கிளம்ப வேண்டும். அறையை அப்படியே போட்டுவிட்டுப் போக இருவருக்கும் கை வரவில்லை. குட்டி போர்வையை உருவினாள். அண்ணி பேசாமல் எதிர்ப்பக்கம் போய் இரண்டு முனைகளைப் பிடித்தாள். ஒரு உதறு. பாதியாக மடித்து, இருவரும் எதிரும் புதிருமாக நடந்து வந்து, நடுவில் சந்தித்து, அண்ணி கையிலிருந்த முனைகள் குட்டி கைக்குப் போக, குட்டி குனிந்து தொங்குகிற மடிப்பை எடுத்து மேலே கொடுத்தாள். எத்தனை ஆயிரம் போர்வைகளை இப்படி மடித்திருப்பார்கள் என்று யார் கண்டது. நாத்தனாரும் அண்ணியும் ஒரு சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்த நாட்களிலும் போர்வை மடிக்கிற நேரத்துக்கு எதிரெதிரே வந்துதான் ஆகவேண்டும். அங்கேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இந்த ஊர்ப் போர்வை பாய்மரத் துணி போல விரிந்தது. குட்டிக்குக் கை எட்டாமல் சிரிப்பு வந்துவிட்டது, அவள் சிரித்ததைப் பார்த்து அண்ணிக்கும் வந்துவிட்டது.

பிறகு விரிப்புகளைக் கழற்றினார்கள். லாட்ஜ் வழக்கப்படி அழுக்குத் துணியை எல்லாம் ஒரு தலையணை உறைக்குள் திணித்து முடிச்சுப் போட்டு வாசலில் வைத்தார்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். கூட்டிப் பெருக்க வருகிற பெண்ணுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று, புடவை, சீப்பு, தைலம் உட்பட எல்லாவற்றையும் பெட்டிகளில் அடுக்கிப் பூட்டி, இரண்டு பெட்டிகளையும் வெளியே திண்டின் மேல் கொண்டுபோய் வைத்தார்கள். அது குட்டி போட்ட சட்டம். பெட்டி உள்ளே இருந்தால் கட்டிலுக்கு அடியில் ஈரத்துணி போட்டுத் துடைக்க மாட்டேன் என்று லாட்ஜில் ஒற்றைக் காலில் நின்றவள் அவள். பெரிய பெரிய அதிகாரிகள் கூட விடிந்ததும் பெட்டியைத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்கள். கடைசியாக, வெளியே போகிறவர்கள் சாவியை மேசையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அண்ணி போட்ட சட்டம். ஆகவே சாவி அட்டையை வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கொடுத்தாள்.

அந்தப் பெண் வேலைக்குப் புதிது. காலை முறைக்கு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள். அட்டையை வாங்கிக்கொண்டு, "தங்கினதெல்லாம் நல்லா இருந்துச்சா மேடம்?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

"கண்டிப்பா மறுபடியும் வரணும்."

"வராம எங்க போகப்போறோம்" என்றாள் குட்டி.

சாப்பிட்டு, நண்டு ஓடுவதைப் பார்த்து, மரநிழலில் உட்கார்ந்து எழுந்து, வெயில் உச்சிக்கு வந்ததும் இருவரும் வீடு திரும்பினார்கள். அவர்கள் வீட்டுத் திண்டில் ஒரு இளைஞன் ஈரக் காற்சட்டையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பெண், புதுசாகக் கல்யாணம் ஆனவள் என்று எழுதி ஒட்டாத குறைதான்.

"தம்பி, இது எங்க ரூமாச்சே" என்றாள் குட்டி.

"இல்லம்மா, இப்பதான் எங்களுக்குக் குடுத்தாங்க" என்று அவன் எழுந்து நின்றான்.

குட்டி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். கட்டிலில் புது விரிப்பு, அதன் மேல் துண்டால் செய்த ஒரு அன்னம். வாசலில் பெட்டியும் இல்லை, அழுக்கு மூட்டையும் இல்லை. அண்ணிக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஆயுசு முழுக்க அப்படி ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவள் ஆயிற்றே.

வரவேற்பு மேசைப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. வாசலில் பெட்டி வைத்தால் படகுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அர்த்தமாம் அந்த இடத்தில். காலைப் படகில் பெட்டிகள் ஏறிக் கரைக்குப் போய், அங்கே துறையில் சொந்தக்காரர்கள் இல்லாமல் அனாதையாக நிற்கின்றன. சாயங்காலப் படகில்தான் திரும்பி வரும். விடுதி மேலாளர் ஓடி வந்தார். கோட்டும் சூட்டுமாக அந்த வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டு, மன்னிப்பு கேட்டுக் கேட்டு மூச்சு வாங்கினார். "யார் செஞ்ச தப்புன்னு விசாரிக்கிறேன் மேடம். விட மாட்டேன்" என்று அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது.

"விசாரிக்கவே வேணாம் சார்" என்றாள் அண்ணி. "படுக்கையைச் சுருட்டினது நாங்க. பெட்டியை வெளிய வச்சது நாங்க. சாவியைக் கொண்டுவந்து கையில குடுத்தது நான். எங்க லாட்ஜா இருந்திருந்தா நானும் அடுத்த ஆளை உள்ள விட்டிருப்பேன். இந்தப் பொண்ணு கரெக்டா வேலை செஞ்சிருக்கு."

"நீங்க லாட்ஜ் நடத்தினீங்களா?"

"இவ நடத்தினா. நான் உக்காந்திருந்தேன்."

மேலாளருக்கு அப்போதுதான் மூச்சு சீரானது. சாயங்காலம் இதைவிடப் பெரிய வீடு ஒன்று காலியாகிறது, சொந்த நீச்சல்குளத்தோடு, அதைத் தருகிறேன் என்றார். அதுவரை தங்க நல்ல இடம் இல்லையே என்று கையைப் பிசைந்தார். படகுக்குக் காத்திருப்பவர்கள் இளைப்பாற அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு, அங்கே இருக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

இருவரும் அந்த அறையின் கதவைத் திறந்தார்கள். ஒடுக்கமான இரண்டு கட்டில்கள். நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. கடகடவென்று ஒரு மின்விசிறி. ஒரு ஸ்டூல், அதன் மேல் தண்ணீர்க் கூஜா. ஜன்னலுக்கு வெளியே கடல் இல்லை. சலவைக் கூடத்தின் முற்றம், அதில் வரிசை வரிசையாக வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. வெந்நீரும் சோப்பும் கலந்த வாசனை ஜன்னல் வழியாக வந்தது.

குட்டி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு கட்டிலில் விழுந்தாள். "அண்ணி, இதுதான் ரூமு" என்றாள்.

அண்ணி எதிர்க்கட்டிலில் படுத்தாள். முதுகு அப்படியே பொருந்திக்கொண்டது.

லாட்ஜில் மத்தியானம் என்று ஒன்று உண்டு. காலை பஸ்ஸுக்குப் போகிறவர்கள் போய், சாயங்கால பஸ்ஸில் வருகிறவர்கள் வந்து சேராத நேரம். அறைகள் எல்லாம் துடைத்து, விரித்து, வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். அந்த நேரத்தில் இவர்கள் இருவரும் தங்களுக்கு என்று ஒரு அறையைப் பிடித்துக்கொள்வார்கள். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று. விரிப்பு கசங்காமல் ஓரமாகப் படுக்கத் தெரிந்த கில்லாடிகள். மாடி மூலை அறையில் காற்று நன்றாக வரும், ஆனால் பஸ் ஸ்டாண்ட் ஒலிபெருக்கி காதைக் கிழிக்கும். கீழ் அறையில் சத்தம் இல்லை, கொசு உண்டு. தொட்டிலில் இருந்த மகனும் கூடவே அறை அறையாக மாறிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொல்ல, அந்த பஸ்ஸில் போனால் என்ன பார்க்கலாம் என்று குட்டி கதை கட்டுவாள். அவள் எந்த ஊரையும் பார்த்தவள் இல்லை. அண்ணி பாதிக் கதையில் தூங்கிப்போவாள். கீழே இருந்து அண்ணன்காரரின் குரல் கேட்கும்: "முதலாளிகள் ரெண்டு பேரும் இன்னிக்கு எந்த ரூம்ல?"

"ஒன்பதாம் நம்பர்ல ஒருத்தர் வந்து தங்குவாரே, ஞாபகம் இருக்கா அண்ணி? பல் செட்டை டம்ளர்ல போட்டு வச்சுட்டு, அதையே விட்டுட்டு பஸ் ஏறிட்டாரே" என்றாள் குட்டி, விடுதிக் கட்டிலில் புரண்டபடி.

"நீதானே அதை எடுத்துக்கிட்டு பஸ் பின்னாடி ஓடினே."

"டம்ளரோட ஓடினேன். ஊரே பார்த்துச்சு. ஜன்னல் வழியா குடுக்கறேன், வாங்கி அப்படியே மாட்டிக்கிட்டு 'தேங்க்ஸ்'ங்கறார்."

அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அந்த லாட்ஜ் நன்றாக நடந்த இடம் என்று சொல்ல முடியாது. தண்ணீர் வராது, மின்சாரம் போகும், மூட்டைப்பூச்சி மருந்து அடித்து அடித்தே மூக்கு போய்விட்டது. இருந்தாலும் அந்த மத்தியானங்களைப் போல ஒரு சுகம் அதற்குப் பிறகு அவளுக்கு எங்கேயும் வாய்க்கவில்லை. அதை அவள் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள்.

குட்டி ஒருக்களித்துப் படுத்தாள். "அண்ணி, உங்க பையன்கிட்ட சொல்லுங்க. அங்க நமக்குப் பெரிய ரூமெல்லாம் பாக்க வேணாம். இந்த அளவு போதும். ரெண்டு கட்டில் போட்டா சரி."

இதற்கு மேல் ஒத்திப்போட்டால் அது பாவம் என்று அண்ணிக்குத் தோன்றியது. பதமாகச் சொல்ல அவளுக்கு வரவில்லை. ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, பூசி மெழுகாமல் சொன்னாள்.

"குட்டி, அங்க நான் மட்டும்தான் போறேன். உன்னைக் கூட்டிட்டுப் போக அந்த ஊர்ல விடமாட்டாங்களாம். அவன் எவ்வளவோ அலைஞ்சு பார்த்தான். நடக்கல. உனக்கு இங்க ஒரு இல்லத்துல இடம் பேசியிருக்கான். நல்ல இடமாம். இதைச் சொல்லத்தான் நம்மளை இங்க அனுப்பினான்."

குட்டி எழுந்து உட்கார்ந்தாள். முற்றத்தில் யாரோ ஒரு பெண் காய்ந்த விரிப்புகளைக் கொடியிலிருந்து இழுத்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். குட்டி அவள் தோளில் ஏறுகிற விரிப்புகளை எண்ணினாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நீ சால்வை வாங்கறதுக்கு முன்னாடியே."

"அப்ப அதை வாங்க விட்டீங்களே."

அண்ணி கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

"அங்க ரூமுக்கு எத்தனை பேரு?" என்று கேட்டாள் குட்டி. லாட்ஜ்காரி புத்தி எங்கே போகும்.

"தனி ரூமு."

"தனியாவா" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவள் குரல் தேய்ந்துபோனது. இந்த வயது வரைக்கும் குட்டி ஒருநாளும் தனி அறையில் படுத்தவள் இல்லை, முந்தின இரவைத் தவிர.

அவளே மறுபடியும் பேசினாள். "'நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க அண்ணி, நான் எப்படியோ இருந்துக்கறேன்'னு நான் இப்ப சொல்லணும். அதுதான் அழகு. எனக்கும் தெரியுது. ஆனா சொல்ல மாட்டேன் அண்ணி. வாயில வரல. எனக்கு நீங்க போகக் கூடாது."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணியையே பார்த்தாள். தகரப் பெட்டியோடு வந்து நின்ற அன்றைக்குக் கூட அவள் எதையும் கேட்கவில்லை. இரு என்று யாரும் சொல்லவுமில்லை, இருக்கட்டுமா என்று அவள் கேட்கவுமில்லை. வாழ்க்கையில் அவள் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

அண்ணிக்குப் போக ஆசை. அதை மறைப்பானேன், கொள்ளை ஆசை. அங்கே பேத்தி ஒருத்தி இருக்கிறாள். போனில் முகத்தைத் திரையோடு ஒட்டிக்கொண்டு, மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிய, "எப்ப வருவே?" என்று தினமும் கேட்கிற நாலு வயது வாண்டு. அவளைக் குளிப்பாட்டித் தலை துவட்ட வேண்டும், பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அண்ணியின் கைகள் பரபரத்துக்கொண்டு இருந்தன. மகனோடு கடைசிக் காலத்தில் ஒரே கூரைக்குக் கீழே இருக்கவும் ஆசை. ஆசைப்படுவதில் தப்பு என்ன இருக்கிறது?

சாயங்காலம் மேலாளரே வந்து கதவைத் தட்டினார். பெட்டிகள் வந்துவிட்டன, நீச்சல்குளத்து வீடு தயார் என்றார். "இங்கயே இருந்துக்கறோம் சார், மீதி நாளும். உங்களுக்குச் சிரமம் இல்லன்னா" என்றாள் அண்ணி. அவர் தலையைச் சொறிந்தார். இந்த அறையில் யாரும் இதுவரை இரவு தங்கியதில்லை என்றார். "பரவால்ல, நாங்க பெருக்கிக்கறோம்" என்றாள் குட்டி. வேறு வழி தெரியாமல் அவர் சிரித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அண்ணி போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள். குட்டி எழுந்து வெளியே போகப் பார்த்தாள். உட்காரு என்று அண்ணி கையைக் காட்டினாள்.

"சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன்."

"அத்தை என்ன சொன்னாங்க? அழுதாங்களா?"

"அழல. போகாதீங்கன்னு சொன்னா."

"நான் வந்து பேசட்டுமா?" என்று கேட்டான்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். அந்த இல்லத்துல ரெண்டு பேர் தங்குற ரூமு இருக்கான்னு மட்டும் கேளு. இல்லன்னா வேற இடம் பாரு."

"அம்மா. பாப்பா உன்னை எதிர்பார்த்துக்கிட்டே இருக்கா. அவளுக்கு நான் என்ன சொல்றது?"

"லீவுக்குக் கூட்டிட்டு வாடா. நான் பாட்டி ஆகி நாலு வருஷம்தான் ஆச்சு. இவளுக்கு அண்ணியாகி என் ஆயுசே போயிடுச்சு. இனிமே போய் வேற யாரா ஆகறது?"

அவன் என்னவோ சொல்ல ஆரம்பித்தான். பின்னால் பேத்தியின் குரல் கேட்டது; பாட்டியா, குடு, குடு என்று போனுக்கு அடித்துக்கொண்டது. அண்ணி அவசரமாக, "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அந்தக் குரலை ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் எல்லாம் தலைகீழாகியிருக்கும்.

போனை ஸ்டூலின் மேல் வைத்த பிறகுதான் அழுகை வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க அழுதாள், பேத்திக்காகத்தான். குட்டி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

இவ்வளவு அழுகையைப் பார்த்த பிறகு, "சரி, போங்க அண்ணி" என்று ஒரு வார்த்தை இவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அண்ணிக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. குட்டி சொன்னால் அண்ணி போய்விடுவாள். அது அவளுக்குத் தெரியும்.

குட்டி சொல்லவில்லை.